எந்தத் தொடரில் தொடங்குவது? திரை வழியே மொழி கற்பதைப் பற்றி

கொச்சியில் வேலை கிடைத்த அக்கா மகள் போன மாதம் போனில் கேட்டாள்: "சித்தி, எந்தப் படம் பார்த்தா மலையாளம் சீக்கிரம் வரும்?" 'மஞ்சும்மல் பாய்ஸ்' படத்தை மூன்று தடவை பார்த்துவிட்டாளாம். படம் முழுக்கப் புரிந்ததாம். ஆனால் தங்கியிருக்கும் விடுதியில் சமைக்கிற சேச்சி பேசினால் பாதிகூடப் பிடிபடவில்லை என்று குறைபட்டுக்கொண்டாள்.

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. 2024-இல் வந்த அந்தப் படத்தின் பெரும்பகுதி கொடைக்கானலில் நடக்கிறது. அங்கே பேசப்படுவதில் கணிசமான பங்கு தமிழ். குழிக்குள் விழுந்தவனை மீட்பதுதான் கதை என்பதால், வாயைத் திறக்காமலேகூட அதைச் சொல்லிவிடலாம். மீதியை ஆங்கில சப்டைட்டில் பார்த்துக்கொண்டது. அவளுடைய கண் மூன்று முறையும் நன்றாக உழைத்திருக்கிறது. காதுக்கு வேலையே வரவில்லை.

அவளுக்கு ஒரு பெயரைச் சொல்லிவிட்டுப் போனை வைத்திருக்கலாம். மனம் வரவில்லை. வேலைக்காகவும் படிப்புக்காகவும் வேற்று ஊருக்குப் போகிற நம் பிள்ளைகள் பலர் இன்று ஓடிடியைத்தான் முதல் வாத்தியாராக வைத்துக்கொள்கிறார்கள். அந்த வாத்தியார் எவ்வளவு சொல்லித்தருவார், யாருக்கு எந்தத் தொடர் பொருந்தும், சப்டைட்டில் உதவுமா கெடுக்குமா என்பதையெல்லாம் ஒருமுறை உட்கார்ந்து பார்த்துவிடலாம் என்று தோன்றியது.

ஒரு நிகழ்ச்சி நம் நிலைக்கு ஏற்றதா என்பதை அளக்க ஆய்வாளர்கள் எடுத்துக்கொண்ட வழி, சொற்களை எண்ணுவது. ஸ்டுவர்ட் வெப், மைக்கேல் ரோஜர்ஸ் என்ற இருவர் 2009-இல் 88 ஆங்கிலத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளின் வசனங்களை எடுத்து எண்ணினார்கள். ஆங்கிலத்தில் அடிக்கடி வரும் முதல் 3,000 சொற்குடும்பங்களும் (ஒரு வேர்ச்சொல்லும் அதிலிருந்து பிறப்பவையும் சேர்ந்து ஒரு குடும்பம்), கூடவே ஆள்பெயர் ஊர்ப்பெயர்களும் தெரிந்திருந்தால் வசனத்தில் சுமார் 95 விழுக்காடு தெரிந்த சொல்லாக இருக்கும் என்று கண்டார்கள். அது 98 விழுக்காடாக வேண்டுமென்றால் ஏறக்குறைய 7,000 சொற்குடும்பங்கள் வேண்டும்.

95 விழுக்காடு என்றதும் தேர்வில் முதல் மதிப்பெண் வாங்கியதுபோல இருக்கிறது. கணக்குப் போட்டால்தான் அதன் கனம் தெரியும். சாதாரணப் பேச்சில் நிமிடத்துக்கு 150 சொல் என்று வைத்துக்கொண்டால், 95 விழுக்காட்டில் நிமிடத்துக்கு ஏழெட்டுச் சொற்கள் தெரியாமல் போகும். எட்டு நொடிக்கு ஒரு பள்ளம். தெரியாத சொல்லை நினைத்துக்கொண்டிருக்கும்போதே அடுத்தது வந்து விழும். 98 விழுக்காட்டில் நிமிடத்துக்கு மூன்றுதான். அந்த மூன்றையும் காட்சியை வைத்து ஊகித்துவிடலாம். ஸ்டீவன் கிராஷன் 1980-களில் முன்வைத்த கருத்தும் இதை ஒட்டியதே. தனக்குத் தெரிந்ததற்கு ஒரு படி மேலே இருக்கிற, ஆனாலும் புரிகிற மொழியைக் கேட்டுக்கொண்டிருந்தால் மொழி தானே படியும் என்றார் அவர். அது மட்டுமே போதும் என்ற அவருடைய முடிவை இன்றும் பலர் ஏற்பதில்லை. புரியாத ஒன்றை எத்தனை மணி நேரம் கேட்டாலும் அது இரைச்சல்தான் என்பதில் மட்டும் யாருக்கும் கருத்து வேறுபாடு இருப்பதாகத் தெரியவில்லை.

ஆனால் இந்த எண்களெல்லாம் ஆங்கிலத்துக்கு உரியவை. கொச்சிக்குப் போகிற தமிழ்ப் பெண்ணுக்கு இவற்றை அப்படியே பொருத்த முடியாது. அவள் வெறுங்கையோடு போகவில்லை. வீடு, மரம், கண், மூக்கு என்று ஆயிரக்கணக்கான சொற்கள் ஏற்கெனவே அவளிடம் இருக்கின்றன. அவை வேறு ஒலியில் வருவதால் காதுக்கு அடையாளம் தெரியவில்லை, அவ்வளவுதான். இரண்டு மூன்று ஒலி மாற்றங்களைப் பழகிவிட்டால் பூட்டு திறந்துகொள்ளும். நம் 'தலை' அங்கே 'தல', 'மழை' அங்கே 'மழ', 'கதை' அங்கே 'கத'. மாங்காய் 'மாங்ங' ஆகும், தேங்காய் 'தேங்ங' ஆகும், கஞ்சி 'கஞ்ஞி' ஆகும், வந்து என்பது 'வந்நு' என்று கேட்கும். மெல்லினத்தை அடுத்து வரும் வல்லினம் பல சொற்களில் அந்த மெல்லினத்துக்குள்ளேயே கரைந்துவிடுகிறது. இதை ஒரு மாலை நேரம் உட்கார்ந்து படித்துவிட்டு அதே படத்தைத் திரும்பப் போட்டால், நேற்று வரை கேட்காத சொற்கள் கேட்கும். நானே அப்படிக் கேட்டு வியந்திருக்கிறேன்.

அடுத்த சிக்கல், தெரிந்ததுபோல நிற்கும் தெரியாத சொற்கள். அங்கே 'வெள்ளம்' என்றால் குடிக்கிற தண்ணீர். 'சம்சாரம்' என்றால் பேச்சு, மனைவி இல்லை. 'அவசரம்' என்றால் வாய்ப்பு. 'மதி' என்றால் போதும். 'பட்டி' என்றால் நாய். 'கழிச்சோ?' என்று யாராவது கேட்டால் சாப்பிட்டாயா என்று அன்பாகக் கேட்கிறார்கள் என்று பொருள். இவை அகராதியில் நிற்பதைவிட ஒரு சமையலறைக் காட்சியில் நன்றாக நிற்கும். அம்மா தட்டை எடுத்து வைத்துக்கொண்டு 'கழிச்சோ?' என்று கேட்பதை ஐந்து முறை பார்த்தவளுக்கு அந்தச் சொல்லின் பொருள் இனி மாறாது.

மலையாள வினைச்சொல்லுக்கு நம்முடையதுபோல வால் கிடையாது. ஞான் வந்நு, நீ வந்நு, அவள் வந்நு. வந்தேன், வந்தாய், வந்தாள் என்று விகுதியை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துப் பழகிய காது இங்கே தடுமாறும். அதிலும் பேச்சில் 'ஞான்', 'நீ' எல்லாம் விழுந்துபோய் 'வந்நு' மட்டும் மிஞ்சும். வானொலியில் கேட்டால் வந்தது யார் என்றே தெரியாது. திரையில் கண்ணுக்கு முன்னால் ஆள் நிற்கிறார். இந்த மொழிக்குத் திரை நல்ல துணை என்று நான் நம்புவதற்கு இது ஒரு காரணம்.

சரி, எதைப் பார்ப்பது?

விருது வாங்கிய படத்திலோ, எல்லாரும் பேசுகிற படத்திலோ தொடங்க வேண்டாம் என்பதே என் முதல் யோசனை. ஒரே வீடு, ஒரே ஆட்கள், நிறைய எபிசோட்கள் உள்ள தொடர் வேண்டும். ரோஜர்ஸும் வெப்பும் 2011-இல் இதையும் எண்ணிப் பார்த்தார்கள். ஒரே தொடரின் எபிசோட்களை வரிசையாகப் பார்த்தால், தொடர்பில்லாத நிகழ்ச்சிகளை அதே அளவு நேரம் பார்ப்பதைவிடச் சந்திக்கும் வெவ்வேறு சொற்களின் எண்ணிக்கை குறைகிறது, ஒரே சொல் திரும்பத் திரும்ப வருவது கூடுகிறது. ஒரே ஆளின் குரலுக்கும் பேச்சு வழக்கத்துக்கும் காது பழகிவிடுவது இதற்கு மேல் கிடைக்கும் லாபம். ஒவ்வொரு படத்திலும் முதல் அரை மணி நேரம் யார் யாருக்கு என்ன உறவு என்று பிடிப்பதிலேயே போய்விடும். தொடரில் அந்தச் செலவு ஒருமுறைதான்.

மலையாளத்தில் இதற்கு என் தேர்வு 'உப்பும் முளகும்'. 2015 இறுதியில் ஃப்ளவர்ஸ் தொலைக்காட்சியில் தொடங்கிய குடும்ப நகைச்சுவைத் தொடர். அப்பா, அம்மா, பிள்ளைகள், ஒரு வீடு. யார் பல் தேய்க்கவில்லை, யார் பணத்தைத் தொலைத்தார், மாமா ஏன் சொல்லாமல் வந்தார் என்பதுதான் கதை. யூடியூபில் இலவசமாகக் கிடைக்கிறது. எவிடெ, எந்தா, வேண்டா, போட்டே, வரட்டே என்று ஒரு வீட்டுக்குள் ஒருநாள் முழுக்கப் புழங்குகிற சொற்கள் ஒவ்வொரு எபிசோடிலும் வரும். விடுதிச் சேச்சி பேசுவது ஏறக்குறைய இந்த மொழியைத்தான்.

அதோடு சேர்த்து 2021-இல் வந்த இரண்டு படங்கள். 'தி கிரேட் இந்தியன் கிச்சன்' படத்தில் பேச்சு குறைவு. அரைப்பதும் கழுவுவதும் பரிமாறுவதும் நாள் தவறாமல் திரும்ப வரும், அவற்றைச் சுற்றி ஒன்றிரண்டு வாக்கியங்கள் மட்டுமே விழும். விறகடுப்பில் சோறு வடித்தால் நன்றாயிருக்கும் என்று மாமனார் மெதுவாகச் சொல்கிற அந்தத் தொனியை வைத்தே ஒரு பாடம் நடத்தலாம். 'ஹோம்' படத்தில் ஸ்மார்ட்ஃபோன் பழகத் துடிக்கிற ஒரு தந்தை வருகிறார். இந்திரன்ஸ் நடித்த பாத்திரம். நிதானமாகப் பேசுகிற, தெரியாததை மறுபடி கேட்கிற மனிதர். மொழி பழகுகிறவருக்கு இப்படி ஒரு பாத்திரம் பெரிய உதவி. அவருக்கு மற்றவர்கள் விளக்கும்போது நமக்கும் விளங்கிவிடுகிறது.

துப்பறியும் தொடர்களை அடுத்த படியில் வைப்பேன். 'கேரளா கிரைம் ஃபைல்ஸ்' 2023-இல் ஆறு எபிசோட்களாக வந்தது. ஒரு போலி முகவரியை வைத்துக்கொண்டு காவலர்கள் ஊர் ஊராக அலைகிறார்கள். ஒவ்வொரு ஊரிலும் அதே கேள்விகள்: யார், எப்போது வந்தார், எங்கே போனார். நாலாவது எபிசோடுக்குள் அந்தக் கேள்விகள் மனப்பாடம் ஆகிவிடும். செய்தி வாசிப்பு தெளிவாக இருக்கும் என்று நினைத்துச் சிலர் அதில் தொடங்குகிறார்கள். உச்சரிப்பு தெளிவுதான். ஆனால் வடசொல் நிறைந்த அந்த நடைக்கும் கடைத்தெருப் பேச்சுக்கும் நிறைய தூரம்.

குழந்தைகள் நிகழ்ச்சி எளிதாக இருக்கும் என்பது பரவலான நம்பிக்கை. 'பெப்பா பிக்' போல ஐந்து நிமிடத்தில் முடிகிற, திரையில் நடப்பதையே கதைசொல்லி வாயால் சொல்கிற நிகழ்ச்சி முதல் இரண்டு வாரத்துக்கு நல்லதுதான். அதற்கு மேல் வளர்ந்தவர்களால் அதில் உட்கார முடிவதில்லை. டைனோசரும் சேற்றுக்குட்டையும் வாடகை பேசுகிறவளுக்கு எதற்கு?

தேர்ந்த தொடர் நம் நிலைக்கு ஒத்துவருமா என்று பார்க்க நான் வைத்திருக்கும் சோதனை மிகச் சாதாரணமானது. இரண்டாவது எபிசோடில் நடுவே ஒரு ஐந்து நிமிடம். சப்டைட்டில் வேண்டாம். கையில் ஒரு தாள். ஒவ்வொரு வசனமும் முடிந்ததும், சாரம் புரிந்தால் ஒரு நேர்கோடு, புரியாவிட்டால் ஒரு சுழி. பத்தில் ஏழு கோடு விழுந்தால் அந்தத் தொடரைப் பிடித்துக்கொள்ளலாம். பாதிக்கு மேல் சுழி என்றால் மூன்று மாதம் கழித்து அதற்கு வரலாம். எல்லாமே கோடாக இருந்தால் அதை ரசிப்பதற்கு வைத்துக்கொண்டு, படிப்புக்கு வேறொன்றைத் தேட வேண்டும். இது என் பழக்கத்தில் வந்த கணக்கு, ஆய்வு முடிவு இல்லை. இரண்டாவது எபிசோட் என்று சொல்லக் காரணம், முதல் எபிசோடில் எல்லாமே புதிதாக இருப்பதால் எந்தத் தொடரும் உள்ளதைவிடக் கடினமாகத் தோன்றும்.

சப்டைட்டிலைப் பற்றித்தான் அதிகம் சண்டை. அதில் ஓர் இந்தியக் கதை உண்டு. 1996-இல் அமெரிக்காவின் இத்தாகாவில் மாணவராக இருந்த பிரிஜ் கோத்தாரி, ஸ்பானிய மொழி கற்றுக்கொண்டிருந்தார். நண்பர்களோடு ஸ்பானிய இயக்குநர் அல்மோதோவாரின் படம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஆங்கிலத்துக்குப் பதில் ஸ்பானிய மொழியிலேயே வரிகள் ஓடினால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்று அவருக்குத் தோன்றியது. அங்கிருந்து எண்ணம் தாவி, இந்தியப் பாடல்களுக்கு அதே மொழியில் வரிகள் ஓடவிட்டால் எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறுகிறவர்களுக்கு உதவுமே என்று போனது. 1999-இல் குஜராத்தில் தூர்தர்ஷனின் 'சித்ரகீத்' நிகழ்ச்சியில் குஜராத்திப் பாடல்கள் குஜராத்தி வரிகளோடு வந்தன. பிறகு இந்தியிலும் 'சித்ரஹார்', 'ரங்கோலி' வரை அது விரிந்தது.

கோத்தாரிக்கு முதலில் தோன்றியது சரி என்பதை 2009-இல் ஹோல்கர் மிட்டரர், ஜேம்ஸ் மெக்வீன் ஆகிய இருவரின் சோதனையும் காட்டியது. நன்றாக ஆங்கிலம் அறிந்த டச்சுக்காரர்களுக்கு, பழக்கமில்லாத ஆஸ்திரேலிய, ஸ்காட்லாந்து உச்சரிப்பில் பேசும் காட்சிகளை ஏறக்குறைய 25 நிமிடம் காட்டினார்கள். சிலருக்கு ஆங்கில வரி, சிலருக்கு டச்சு வரி, சிலருக்கு வரியே இல்லை. பிறகு அதே ஆட்களின் பேச்சைக் கேட்டுத் திருப்பிச் சொல்லச் சொன்னார்கள். ஆங்கில வரியோடு பார்த்தவர்களின் காது கூர்மையாகியிருந்தது. புதிய வாக்கியங்களைக் கேட்டபோது, டச்சு வரியோடு பார்த்தவர்கள் வரியே இல்லாமல் பார்த்தவர்களையும்விடப் பின்தங்கினார்கள். தாய்மொழி வரி கதையைத் தந்துவிட்டு ஒலியை மறைத்துவிட்டது.

இதை அப்படியே எல்லாருக்கும் விதியாக்க நான் தயங்குகிறேன். அவர்கள் ஏற்கெனவே மொழி தெரிந்தவர்கள், உச்சரிப்புக்கு மட்டுமே பழக வேண்டியிருந்தவர்கள். ஒன்றும் தெரியாமல் தொடங்குகிறவர் முதல் தடவை தமிழிலோ ஆங்கிலத்திலோ வரியை வைத்துக் கதையைப் பிடித்துக்கொள்வதில் குற்றமில்லை. இரண்டாம் தடவை அதே எபிசோடை அந்த மொழி வரியோடு, மூன்றாம் தடவை வரியே இல்லாமல். பத்து எபிசோடை ஒருமுறை பார்ப்பதைவிட மூன்று எபிசோடை இப்படிப் பார்ப்பது மேல்.

என் ஆதங்கம் இங்கேதான். மலையாளப் படத்துக்கு மலையாள வரி, கன்னடப் படத்துக்குக் கன்னட வரி தேடினால் பெரும்பாலும் கிடைப்பதில்லை. ஓடிடிகளில் இருப்பது ஆங்கில வரிதான். கொரியத் தொடருக்குக் கொரிய வரியும், ஸ்பானியத் தொடருக்கு ஸ்பானிய வரியும் சாதாரணமாகக் கிடைக்கிற அதே திரையில் நம் அண்டை மாநில மொழிக்கு அது இல்லை. வசனம் எழுதப்பட்டுத்தானே படமாகிறது? எழுதிய வசனத்தை எழுத்தாகக் காட்ட ஏன் இத்தனை தயக்கம்? காது கேளாதவர்களுக்கும் அது உரிமை, படிக்கப் பழகுகிறவர்களுக்கும் அது பாடம்.

மொழிமாற்றுத் தொடர்களில் இன்னொரு பொறி உண்டு. குரல் கொடுக்க எழுதும் வசனமும் சப்டைட்டிலுக்கு எழுதும் வரியும் பெரும்பாலும் தனித்தனி மொழிபெயர்ப்புகள். உதட்டசைவுக்காக ஒன்றை நீட்டியிருப்பார்கள், படிக்கும் வேகத்துக்காக இன்னொன்றைச் சுருக்கியிருப்பார்கள். காதில் ஒன்று, கண்ணில் ஒன்று என்றால் கற்கிறவர் குழம்பிப்போவார். மூலமொழியிலேயே எடுத்த தொடரைத் தேர்வது நல்லது.

கொரிய மொழிக்கு வந்தால் கணக்கு தலைகீழ். மலையாளத்தில் சொல் நமக்குச் சொந்தம். கொரியத்தில் சொல் முழுக்க அந்நியம், வாக்கிய அமைப்போ பழகியதுபோல இருக்கிறது. வினை கடைசியில் வரும், வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும். அப்பாவுக்கு 'அப்பா', அம்மாவுக்கு 'ஒம்மா' என்பதைக் கேட்டு நம்மவர்கள் பூரித்துப்போகிறார்கள். ஹோமர் ஹல்பர்ட் என்பவர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொரியத்தையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஓர் இலக்கண நூலே எழுதினார். இன்றைய மொழியியல் அந்த உறவை ஏற்கவில்லை என்றாலும், வாக்கிய அமைப்பின் ஒற்றுமை கற்கிறவருக்கு உண்மையான உதவி. அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிறுவனம் ஆங்கிலம் பேசுவோருக்குக் கொரியம் கற்பிக்க 2,200 வகுப்பு மணி நேரம் ஒதுக்குகிறது. தமிழுக்கும் இந்திக்கும் அதில் பாதி, 1,100. அந்த 2,200 மணியில் வாக்கிய அமைப்புக்காகப் போகும் நேரம் தமிழருக்குக் குறையும் என்றே நான் கருதுகிறேன்.

ஆனால் சொல் இல்லாமல் வெறும் இலக்கணத்தை வைத்துக்கொண்டு ஒரு தொடரைப் பார்க்க முடியாது. மன்னர் செஜோங் 1446-இல் வெளியிட்ட ஹங்குல் எழுத்தை ஒரு வாரத்தில் கற்றுவிடலாம். அதன் பிறகு சில நூறு சொற்களையாவது பாடப்புத்தகத்தில் படித்துவிட்டே தொடருக்கு வர வேண்டும். வரும்போது 'ஹோம்டவுன் சா-சா-சா' போலக் கடற்கரை ஊரில் அன்றாடம் பேசுகிற ஒன்று நல்லது. 'கிங்டம்' போன்ற அரசர் காலக் கதைகளில் வரும் மொழியை இன்று சியோலில் யாரிடமும் பேச முடியாது. 'கிராஷ் லேண்டிங் ஆன் யூ' தொடரில் வடகொரிய வழக்கு நிறைய வரும். காதல் தொடர்களில் இன்னொரு ஆபத்து உண்டு. நாயகனும் நாயகியும் ஒருமையில் பேசிக்கொள்வார்கள். நீ, நீங்கள் வேறுபாட்டைக் கொரியர்கள் வினையின் முடிவில் வைத்திருக்கிறார்கள். 'யோ' என்று முடிந்தால் மரியாதை. அதை விட்டுவிட்டு மேலாளரிடம் பேசினால் நம் ஊர் அலுவலகத்தில் 'நீ வா' என்றதற்குச் சமம். மரியாதை வேறுபாட்டில் வளர்ந்த தமிழ்க் காது இதை ஆங்கிலேயரைவிட விரைவில் பிடிக்கும், கவனித்தால்.

கற்பவர்களுக்கென்றே எடுத்த தொடர்களையும் சொல்ல வேண்டும். பிரெஞ்சுக்கு 1987-இல் 'பிரெஞ்ச் இன் ஆக்‌ஷன்', ஸ்பானியத்துக்கு 1992-இல் 'டெஸ்டினோஸ்', இரண்டும் 52 எபிசோட்கள். ஜெர்மனுக்கு டாய்ச்சு வெல்லே நிறுவனத்தின் 'நிகோஸ் வேக்' இலவசமாகவே இருக்கிறது, ஏ1 என்ற தொடக்க நிலை முதல் பி1 என்ற நடுநிலை வரை படிப்படியாக. ஜெர்மனிக்குப் போகத் தயாராகும் நம் செவிலியர்கள் முதலில் இதைப் பார்க்கலாம். தமிழுக்கோ மலையாளத்துக்கோ இந்தத் தரத்தில் ஒரு தொடர் என் கண்ணில் படவில்லை. ஒடிசாவிலிருந்து திருப்பூருக்கு வரும் தொழிலாளி தமிழ் பழக எதைப் பார்ப்பார்? மாலை நேர சீரியலைச் சொல்லலாம், அதில் எல்லாரும் நிறுத்தி நிதானமாக, சொன்னதையே திரும்பச் சொல்வார்கள். 'வடசென்னை' படத்தைச் சொல்லிவிடக் கூடாது.

பார்ப்பதால் பேச்சு வந்துவிடாது என்பதையும் அக்கா மகளிடம் சொன்னேன். பாட்ரீசியா குல் என்ற ஆய்வாளர் 2003-இல், ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளிடம் சீன மொழியில் பேச வைத்துப் பார்த்தார். நேரில் ஒருவர் விளையாடிக்கொண்டே பேசியபோது குழந்தைகள் சீன ஒலிகளைப் பிரித்தறியக் கற்றார்கள். அதையே வீடியோவில் காட்டியபோது எதையும் கற்கவில்லை. பெரியவர்கள் குழந்தைகள் இல்லை, திரையிலிருந்து நம்மால் கற்க முடியும். ஆனாலும் திரை நம் பதிலுக்காகக் காத்திருப்பதில்லை. ஒரு வசனத்தை நிறுத்தி, அதே ஏற்ற இறக்கத்தோடு வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கலாம். அதைவிட, அன்று கற்ற இரண்டு வாக்கியத்தைச் சமையலறைக்குப் போய்ச் சேச்சியிடம் சொல்லிப் பார்க்கலாம்.

இரண்டு வாரம் கழித்து அவளே கூப்பிட்டாள். 'உப்பும் முளகும்' ஓடிக்கொண்டிருக்கிறதாம், தாளில் கோடுகள் கூடுகின்றனவாம். அந்தத் தைரியத்தில் 'தல்லுமாலா' படத்தைப் போட்டிருக்கிறாள். மலப்புறம் பக்கத்துப் பேச்சு, மின்னல் வேகம். "ஒண்ணுமே புரியல சித்தி, எல்லாம் சுழிதான்" என்றாள்.

"பக்கத்துல யாரு பார்த்தா?"

"ரூம்ல இருக்கற கோட்டயத்துப் பொண்ணு."

"அவளுக்குப் புரிஞ்சுதா?"

"அவதான் சித்தி, நான் ஆஃப் பண்ணி வெச்சிருந்த சப்டைட்டிலை ஆன் பண்ணச் சொன்னா."

கொரியாவில் 2022-இல் 'அவர் ப்ளூஸ்' தொடர் ஒளிபரப்பானபோது, ஜெஜு தீவினர் பேசும் இடங்களில் கொரியர்களுக்காகவே கொரிய வரிகளைப் போட்டார்கள் என்று அவளிடம் சொன்னேன்.